பழைய ஹைலக்ஸ் கெப்புக்கு எந்த டர்போ டீசல்? 5எல், 1கேசெட், 1கேடி, 4ஜேஜே1

எல்என்106, எல்என்166 வகை டொயோட்டா ஹைலக்ஸ் கெப்புகளின் (பிக்கப்) சேஸி நல்ல உறுதி. பாகங்களும் கிடைக்கும், எந்தக் கராஜிலும் கை வைக்கத் தெரிந்தவரும் இருப்பார். குறை எஞ்சினில்தான். அவற்றோடு வந்த 3எல், 5எல் டீசல் எஞ்சின்கள் இரண்டுக்கும் டர்போ, அதாவது எக்ஸோஸ்ட் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி, இல்லை. ஒரு தொன் சரக்கோடு கண்டி வீதியின் கடுகண்ணாவை ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டிவரும். தெற்கு அதிவேகப் பாதையில் 100ஐத் தொடுவதற்குள் எஞ்சின் கத்தத் தொடங்கிவிடும்.

இதற்குக் கொழும்பில் நடைமுறைச் சாத்தியமான வழிகள் நான்கு. இருக்கும் 5எல்லுக்கே டர்போ பூட்டுவது ஒன்று. எலக்ட்ரோனிக் பம்ப் உள்ள 1கேசெட்-டிஈயை இறக்குவது இரண்டாவது. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் கொமன் ரெயில் வகை 1கேடி-எஃப்டிவி மூன்றாவது. அதே வகை இசுசு 4ஜேஜே1 நான்காவது. 1கேசெட்டும் 1கேடியும் 2982 சீசீ. 5எல் 2986, 4ஜேஜே1 2999. அதாவது நான்கும் மூன்று லீட்டர் எஞ்சின்கள்தான். வித்தியாசம் டீசலை எப்படி, எப்போது, எந்த அழுத்தத்தில் தெளிக்கிறது என்பதிலும் அதை யார் தீர்மானிக்கிறார் என்பதிலும் இருக்கிறது.

5எல் தன் இயல்பில் 95 குதிரைவலுவை ஒட்டித் தருகிறது. முறுக்குவிசை 200 நியூட்டன் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1கேசெட், எந்த வாகனத்திலிருந்து வந்தது, டர்போ சூடாக்கிய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து 115 முதல் 140 குதிரைவலு, 290 முதல் 340 நியூட்டன் மீட்டர். 1கேடி, ஹைலக்ஸிலும் பிராடோ ஜீப்பிலும் 163 குதிரைவலுவும் அதற்கு மேலும், 343 நியூட்டன் மீட்டரும் அதற்கு மேலும். டொயோட்டா ஹையேஸ் கேடீஎச் வேனில் அதே எஞ்சின் 136–144 குதிரைவலு, 300 நியூட்டன் மீட்டரோடு நிற்கும். இசுசு டி-மெக்ஸ் கெப்பின் 4ஜேஜே1 பழைய வடிவில் 163 வரை, 2012க்குப் பிந்திய வடிவில் 177 குதிரைவலுவும் 380 நியூட்டன் மீட்டரும். விற்பவர் “1கேடி” என்று மட்டும் சொன்னால் போதாது என்பது இதிலேயே தெரியும்.

5எல்லுக்கு டர்போ: குறைந்த செலவு, குறைந்த பலன்

2எல்-டியின் எக்ஸோஸ்ட் மெனிஃபோல்டும் சிடி20 டர்போவும் எல் குடும்பத்து ஹெட்டில் பொருந்துவதால்தான் இந்த வழி இவ்வளவு பரவலாக இருக்கிறது. எஞ்சினை நடத்தும் கணினியான ஈசீயூ கிடையாது, அதன் பழுது எண்ணை வாசிக்கும் ஸ்கேனர் தேவையில்லை, பம்ப் முழுக்க மெக்கானிக்கல்.

பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் மேலதிகக் காற்றழுத்தத்தை, 0.5 பாரில் நிறுத்துங்கள். இந்த எஞ்சினின் அழுத்த விகிதம் 22:1ஐ ஒட்டியது, அதற்கு மேல் ஹெட் கெஸ்கட் தாங்காது. எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்பைக் கழற்றும்போது பிஸ்டனின் அடியில் ஒயில் பீய்ச்சும் ஜெட் உண்டா என்றும் பாருங்கள். இல்லையென்றால் டர்போவுக்கு முன்னால் எக்ஸோஸ்ட் வெப்பம் 700 பாகை செல்சியஸைத் தாண்டவே கூடாது. அதை அறிய மெனிஃபோல்டில் துளையிட்டு வெப்பமானி பூட்ட வேண்டும். இந்தச் செலவை மிச்சம் பிடிப்பவர்தான் பிறகு பிஸ்டன் வாங்குகிறார்.

டர்போ இல்லாத எஞ்சினின் பம்ப்பில் பூஸ்ட்டுக்கு ஏற்ப டீசலைக் கூட்டும் டயஃபிரம் இல்லை. ஆகவே பின்புறத் திருகைத் திருப்பி எல்லா வேகத்திலும் டீசலைக் கூட்டுகிறார்கள். பூஸ்ட் வராத தாழ்ந்த வேகத்தில் அந்த மேலதிக டீசல் கரும்புகையாக வெளியேறும். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் அக்ஸிலரேட்டரை மிதித்த மாத்திரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். 2எல்-டியின் பம்ப்பையோ அதன் டயஃபிரம் பகுதியையோ சேர்த்து எடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். டர்போவிலிருந்து சம்புக்கு ஒயில் திரும்பும் குழாய் உள்விட்டம் 16 மில்லிமீட்டருக்குக் குறையாமல், நெடுகச் சரிவாக, சம்பில் ஒயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். வளைத்து மடக்கினால் ஒயில் தேங்கி டர்போ சீலைத் தாண்டும், நீலப்புகை வரும். டர்போ பழுதென்று சொல்லி இன்னொன்றை விற்றுவிடுவார்கள்.

இதனால் கிடைப்பது 20–25 சதவீத முன்னேற்றம். நகரத்துக்குள் சரக்கு ஏற்றுபவருக்கு அது போதும்.

1கேசெட்: இடையில் நிற்பது

இதில் பம்ப் பழைய சுழல் வகைதான். ஆனால் எவ்வளவு டீசல் என்பதை ஸ்பில் வால்வும், எப்போது என்பதை டைமிங் வால்வும் ஈசீயூவின் சொற்படி தீர்மானிக்கின்றன. கரும்புகைத் தொல்லை இங்கே பெரிதும் இல்லை. பழைய வடிவங்களில் டயக்னோசிஸ் பெட்டியில் டிஈ1, ஈ1 முனைகளை ஒரு வயர்த் துண்டால் இணைத்தால் செக் எஞ்சின் விளக்கு மின்னிப் பழுது எண்ணைச் சொல்லிவிடும். ஸ்கேனர் இல்லாத கராஜுக்கு இது பெரிய வசதி.

பம்ப்பின் மேல் பூட்டிய திருத்த ரெசிஸ்டர்கள் அந்தந்தப் பம்ப்புக்கென அளந்து போடப்பட்டவை. பம்ப்பை மாற்றினால் அவையும் பம்ப்போடே போக வேண்டும். தனியே கழற்றி வைத்தால் ஐட்லிங் சீராக இராது, டைமிங்கும் பிசகும்.

இந்த எஞ்சினின் பேர் கெட்டது அலுமினிய ஹெட்டால்தான். ஒருமுறை சூடேறினால் வால்வுகளுக்கிடையே வெடிப்பு விழும். கொழும்பின் உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையில் பலகையில் நிற்கும் 1கேசெட்டின் ஹெட் ஏற்கெனவே மாற்றப்பட்டதா, ஒட்டப்பட்டதா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. கழற்றி அழுத்தச் சோதனை செய்யச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம். புதிய ஹெட், பம்ப் ஓவர்ஹோல், டைமிங் பெல்ட் எல்லாவற்றையும் கூட்டினால் செலவு 1கேடியை நெருங்கிவிடும், வலுவோ நெருங்காது. நல்ல முழு வாகனம் ஒன்று உடைப்புக்குக் கிடைத்தாலொழிய இதைத் தெரிவுசெய்யக் காரணம் இல்லை.

1கேடி: கொழும்பில் முதல் தெரிவு

கொழும்புக்கு இது பொருந்துவதற்கான முக்கிய காரணம் கேடீஎச் வேன். நாடு முழுக்க ஓடும் அந்த வேன்களின் எஞ்சின்கள் இதுவும் இதன் தம்பி 2கேடியும்தான். இன்ஜெக்டர் சோதிக்கும் பெஞ்ச், டென்சோ பம்ப் தெரிந்த ஆட்கள், ஸ்கேனர் எல்லாம் அந்த வேனால் ஊருக்குள் வந்து சேர்ந்தவை. நாளை பழுதென்றால் போக இடமிருக்கிறது.

ஆனால் வேனிலிருந்து கழற்றிய எஞ்சினை அப்படியே கெப்பில் இறக்க முடியாது. அங்கே எஞ்சின் ஆசனத்துக்கு அடியில் இருக்கிறது. சம்பின் வடிவம், இன்டேக் குழாய், மௌன்ட், வயரிங் நீளம் எல்லாம் வேறு. ஹைலக்ஸ் அல்லது பிராடோவிலிருந்து வந்ததைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஹைலக்ஸ் சம்பையும் ஒயில் உறிஞ்சும் குழாயையும் வாங்கித்தான் வேனின் எஞ்சினை விலை பேச வேண்டும்.

வாங்கிய எஞ்சின் எதுவானாலும் சேஸியில் இறக்குமுன் சம்பைக் கழற்றி ஒயில் உறிஞ்சும் வலையைப் பாருங்கள். இன்ஜெக்டரின் அடியிலுள்ள செப்பு வொஷர் கசிந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு மேலே ஏறி ஒயிலில் கலக்கும். ஒயில் கரிப்பிடித்துத் தார்போல வலையை அடைக்கும். ஒயில் அழுத்தம் விழுந்து பெயரிங்கும் டர்போவும் போகும். வலை கறுத்திருந்தால் வொஷர்கள் கசிந்திருக்கின்றன என்று பொருள். நான்கு வொஷர்களையும் மாற்றுங்கள். இருக்கையைக் கட்டரால் மெல்லச் சீவித் துப்புரவாக்காமல் புதிய வொஷரைப் போட்டால் திரும்பவும் கசியும். கொம்ப்ரெஷனையும் அளந்துகொள்ளுங்கள். இந்த எஞ்சினில் பிஸ்டனில் வெடிப்பு விழுவது அறியப்பட்ட நோய். ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடலாம்.

பம்ப்புக்குள் போகும் டீசலை அளக்கும் சக்‌ஷன் கொன்ட்ரோல் வால்வு தேய்ந்தால் ஐட்லிங் ஏறி இறங்கும், பி1229 என்ற பழுது எண் வரும். அது மாற்றக்கூடிய சிறு பாகம். முழுப் பம்ப்பையும் மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். இன்ஜெக்டர்களைப் பெஞ்சில் கொடுத்துச் சோதியுங்கள். ஒன்றிலிருந்து திரும்பி வரும் டீசல் மற்றவற்றைவிடத் தெளிவாகக் கூடுதலானால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. பிந்திய வடிவ இன்ஜெக்டர்களின் தலையில் திருத்தக் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். மாற்றியதும் அதை ஸ்கேனரால் ஈசீயூவுக்குள் எழுத வேண்டும்.

கிளட்ச், கியர்பொக்ஸ் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். 5எல்லின் கியர்பொக்ஸ் 200 நியூட்டன் மீட்டருக்கென வந்தது, 343ஐ அதில் போட்டால் நாளாகாது. ஹைலக்ஸில் 1கேடியோடு வந்த ஆர் வரிசைக் கியர்பொக்ஸையும் சேர்த்தே எடுங்கள். அதன் ஃபிளைவீல் இரட்டை நிறை வகையானால் கையால் ஆட்டிப் பாருங்கள். தளர்ந்து கடகடத்தால் ஒற்றை நிறை ஃபிளைவீலும் அதற்குரிய கிளட்ச்சும் போடுவதே நல்லது.

4ஜேஜே1: பாரத்துக்கு

பெல்ட் இல்லை, டைமிங் செயின். ஸ்ட்ரோக் 104.9 மில்லிமீட்டர், ஆகவே தாழ்ந்த வேகத்தில் நன்றாக இழுக்கும். தினமும் ஒரு தொன்னுக்கு மேல் ஏற்றுபவருக்கு 1கேடியைவிட இதைத்தான் சொல்ல வேண்டும்.

இது எல்ஃப் லொறியிலும் வருகிறது, அங்கேதான் பொறி. லொறியிலிருந்து வந்ததானால் ஸ்டார்ட்டர், ஒல்டர்னேட்டர் லேபிளில் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பாருங்கள். 24 என்றால் ஈசீயூவும் வால்வுகளும் அதற்கேற்றவை, கெப்பின் 12 வோல்ட்டில் அவை வேலைக்காகா. கரிப்புகை வடிகட்டி உள்ள வடிவமானால் ஈசீயூ அதன் அழுத்த, வெப்ப சென்சர்களை எதிர்பார்க்கும்; வடிகட்டியை விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் இறக்கினால் வலுவைக் குறைத்துக்கொண்டு முடங்கும். டி-மெக்ஸ் மெனுவல் ஒன்றிலிருந்து எடுத்ததானால் வோல்ட் கவலை இல்லை, வடிகட்டி உண்டா என்று மட்டும் பாருங்கள்.

ஒயில் மாற்றும்போது சம்பை வெகுநேரம் திறந்து விடாதீர்கள். உறிஞ்சு குழாயின் ரப்பர் சீல் பழசானால் பம்ப்பிலிருந்த ஒயில் முழுக்க வடிந்து, ஸ்டார்ட் செய்ததும் அழுத்தம் ஏறாமல் போகும். எஞ்சின் வெளியே நிற்கும்போதே அந்தச் சீலை மாற்றுவது அரைமணி வேலை. டொயோட்டா சேஸியில் இதைப் பூட்ட மௌன்ட்டும் கியர்பொக்ஸ் இணைப்பும் கடைசல் பட்டறையில் செய்ய வேண்டிவரும். கிராங்க் மையமும் கியர்பொக்ஸ் தண்டின் மையமும் 0.2 மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போகாவிட்டால் முன்பக்கப் பெயரிங்கும் கிளட்ச்சும் மாறிமாறிப் போகும். டி-மெக்ஸின் சொந்தக் கியர்பொக்ஸையும் நான்கு சக்கர இழுவைக்கான டிரான்ஸ்ஃபர் பெட்டியையும் சேர்த்து இறக்கிப் புரொப்பெல்லர் தண்டுகளை மட்டும் வெட்டிச் சமநிலைப்படுத்துவது அதைவிட நம்பகமான வழி.

வயரிங்: வேலை கெடும் இடம்

கொமன் ரெயில் எஞ்சின் மாற்றி மாதக்கணக்கில் கராஜில் கிடக்கும் கெப்புகளில் பெரும்பாலானவற்றின் எஞ்சினில் குறையிராது. ஹார்னஸ் எனும் வயர்க்கட்டு வெட்டப்பட்டிருக்கும், அல்லது ஏதோ ஒரு பெட்டி வராமல் விடுபட்டிருக்கும். கடைக்காரருக்கு எஞ்சின் ஒரு சாமான், ஈசீயூ வேறொரு சாமான். உங்களுக்கு அவை ஒன்றே. ஒரே வாகனத்திலிருந்து வராத எஞ்சினையும் ஈசீயூவையும் சேர்த்து வாங்காதீர்கள்.

1கேடிக்கு அந்த செட்டில் இருக்க வேண்டியவை: மெனுவல் கியருக்கான ஈசீயூ, இன்ஜெக்டரை இயக்கும் ஈடீயூ, டர்போ மோட்டரை ஆட்டும் டிரைவர் பெட்டி, எலக்ட்ரோனிக் பெடல், காற்றோட்ட சென்சர் அதன் உறையோடு, குளோ ரிலே, மெயின் ரிலே, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் பெட்டி, சாவி, சாவித்துவாரத்தைச் சுற்றியுள்ள அன்டெனா வளையம், ஈசீயூ பிளக்கிலிருந்து வெட்டப்படாத ஹார்னஸ். ஓட்டோ கியர் வாகனத்தின் ஈசீயூவைப் போட்டால் அது இல்லாத கியர்பொக்ஸைத் தேடிப் பழுது காட்டிக்கொண்டே இருக்கும். சாவி பொருந்தாவிட்டால் எஞ்சின் ஓரிரு வினாடி ஓடி நிற்கும். அதை எரிபொருள் கோளாறென்று நினைத்துப் பம்ப்பைக் கழற்றுகிறார்கள். டர்போ டிரைவர் பெட்டியை மறந்தால் ஸ்டார்ட் ஆகும், ஐட்லிங்கும் அழகாக இருக்கும், தெருவுக்கு எடுத்ததும் இழுக்காது.

பழைய கெப்பின் பக்கத்திலிருந்து ஈசீயூவுக்குப் போக வேண்டியவற்றில் நான்கை எப்போதும் விட்டுவிடுகிறார்கள். ஸ்டார்ட்டர் சிக்னல் இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆக நேரமெடுக்கும். வேக சிக்னல்: பழைய ஹைலக்ஸின் ஸ்பீடோமீட்டர் கேபிளால் ஓடுவது, ஈசீயூ சுற்றுக்கு நான்கு துடிப்பை எதிர்பார்க்கிறது, கியர்பொக்ஸில் சென்சர் பூட்டாவிட்டால் பி0500. பிரேக் சுவிட்ச் இரண்டு தொடுப்புள்ளதாக இருக்க வேண்டும். ஏசி சிக்னல் வராவிட்டால் கொம்ப்ரெஸர் பிடிக்கும்போது எஞ்சின் தளரும்.

நில இணைப்புக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். பெட்டரியிலிருந்து எஞ்சின் புளொக்குக்கு 35 சதுர மில்லிமீட்டர் கேபிள், அங்கிருந்து சேஸிக்கும் கெபினுக்கும் ஒவ்வொன்று. ஈடீயூவுக்குத் தனி ஃபியூஸ், தனி ரிலே. கிராங்க் சென்சர் வயர் முறுக்கியும் உறையிட்டும் வருவதற்குக் காரணம் உண்டு. அதை நீட்டும்போது சாதாரண வயரைப் போட்டால் ஒல்டர்னேட்டரின் இரைச்சலை எஞ்சின் வேகமென்று ஈசீயூ வாசிக்கும். மூட்டுகளை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். கிரிம்ப் செய்து பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடற்காற்று பட நிறுத்தும் வண்டியில் டேப் சுற்றிய செம்பு ஒரு வருடத்தில் பச்சையாகிவிடும். ஈசீயூ கெபினுக்குள், டேஷ்போர்டின் பின்னால், கால்மிதியிலிருந்து உயரத்தில் இருக்கட்டும். பெருமழைக்குக் கொலன்னாவைப் பக்கம் தெருவில் நிற்கும் வெள்ளம் இருக்கைக்கு அடியில் வைத்த ஈசீயூவை விட்டுவைக்காது.

தனி ஈசீயூ போடலாமா என்று கேட்பவர்களுக்கு: பெட்ரோல் எஞ்சினுக்கான புரோகிராம் ஈசீயூக்கள் இதற்கு உதவாது. டீசல் இன்ஜெக்டரைத் திறக்க 12 வோல்ட் போதாது, பலமடங்கு உயர்த்திய துடிப்பு வேண்டும். ரெயில் அழுத்தத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். பொஷ் நிறுவனம் பந்தயத்துக்கென டீசல் ஈசீயூக்கள் செய்கிறது. அவற்றுக்கு டீசல் அளவு அட்டவணையான மேப் எழுதும் ஆளும் எஞ்சின் வலுவை அளக்கும் டைனோவும் இல்லாமல் வாங்குவது வீண். ரெயில் சென்சரை ஏமாற்றி அழுத்தத்தைக் கூட்டும் சிறு பெட்டிகளைத் தொடவே வேண்டாம்.

சூடு

30 பாகை வெயிலில் 1 பார் பூஸ்ட் என்றால், 70 சதவீதத் திறனுள்ள கொம்ப்ரெஸரிலிருந்து காற்று ஏறத்தாழ 125 பாகையில் வெளிவரும். 70 சதவீதம் குளிர்விக்கும் இன்டர்கூலர் அதை 58க்கு இறக்கும். அதே அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி 20 சதவீதம் கூடும். ஆகவே இன்டர்கூலர் இல்லாமல் கொமன் ரெயில் எஞ்சின் போடுவதில் அர்த்தமில்லை. எஞ்சினுக்கு மேலே பொனட் துளையோடு வைப்பது குழாயைக் குறைக்கும், ஆனால் கொழும்பு–காலி வீதி நெரிசலில் ஊரும்போது அது எஞ்சினின் சூட்டையே உறிஞ்சி நிற்கும். முன்னால் வைத்தால் ஏசி கொண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் காற்றைக் குறைக்கும். நெரிசலில் ஓடும் கெப்புக்கு முன்னால் வைத்து, மூன்று வரிசை ரேடியேட்டரும் விசிறிக்கு முழு உறையும் போடுவதே சரி.

கடைசியில் டிஃப்ரென்ஷல், அதாவது அச்சில் வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரப் பெட்டி. 4.56 விகிதமும் 0.85 ஐந்தாம் கியரும் 2.25 மீட்டர் சுற்றளவுள்ள டயரும் இருந்தால் 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 2870 சுற்று ஓடும். டிஃப்ரென்ஷலை 3.9க்கு மாற்றினால் 2460. டர்போ டீசலின் முறுக்குவிசை 3200க்குள் தட்டையாக இருப்பதால் இந்த மாற்றம் டீசல் செலவில் தெரியும். நகரத்தில் மட்டும் பாரம் இழுப்பவர் 4.56ஐயே வைத்துக்கொள்ளலாம்.

கொமன் ரெயில் எஞ்சினுக்கு நீர் பிரிக்கும் ஃபில்டரும் அதன் நீர் எச்சரிக்கை விளக்கும் கட்டாயம். மண்ணெண்ணெய் கலந்த டீசலைப் பழைய 5எல் எரித்துத் தள்ளிவிடும்; டென்சோ பம்ப்புக்கு அந்த டீசலே மசகு என்பதால் அது தேய்ந்து, உலோகத்தூள் நான்கு இன்ஜெக்டருக்குள்ளும் போகும். பழைய டேங்க்கைக் கழற்றித் துருவைக் கழுவாமல் புதிய எஞ்சினோடு இணைக்காதீர்கள்.

எஞ்சின் எண் பதிவுச் சான்றிதழில் உள்ளதால் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். கடையின் பற்றுச்சீட்டோடு எஞ்சின் இறக்குமதியான சுங்கப் பத்திரத்தின் பிரதியையும் பணம் கொடுக்குமுன் கேளுங்கள். எஞ்சின் எண் அதில் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். லீசிங் இருந்தால் அவர்களின் சம்மதம், பிறகு காப்புறுதிக்கு அறிவிப்பு.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஃபில்டரின் கைப்பம்ப்பை இறுகும்வரை அழுத்திக் காற்றை வெளியேற்றி, ஸ்கேனரில் ரெயில் அழுத்தத்தைத் திறந்து வைத்துச் சுற்றுங்கள். 250–300 பாரைத் தாண்டாவிட்டால் இன்ஜெக்டர் திறக்காது. ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து அடிக்காமல் காற்றையும் கசிவையும் தேடுங்கள். ஐட்லிங்கில் 300–400 பாரில் நிலைத்து நின்றால் சரி. பிறகு பாரமேற்றிக் கண்டி வீதியில் கடுகண்ணாவைவரை ஒரு ஓட்டம்: எக்ஸோஸ்ட் 700க்குள், தண்ணீர் 95க்குள், ஈசீயூ கேட்ட பூஸ்ட்டுக்கும் வந்த பூஸ்ட்டுக்கும் வித்தியாசம் 0.1 பாருக்குள். 1000 கிலோமீட்டரில் ஒயிலை இறக்கி, 1கேடியானால் சம்பையும் இன்னொருமுறை கழற்றி வலையைப் பாருங்கள்.